பாதி வெள்ளி: போர்ச் செலவுக்குச் சேலமும் ஏற்காடும் கொடுத்த பங்கு

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் பெரியவரிடம் போன மாதம் இரண்டு ரூபாய்க் காசுகளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒன்று 1918இல் அடித்தது, மற்றொன்று 1944இல் அடித்தது. இரண்டுக்கும் ஒரே எடை. தராசில் வைத்தால் இரண்டுமே ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். அவர் தராசைத் தொடவில்லை. 1918ஆம் ஆண்டுக் காசைக் கடப்பைக்கல் மீது சுண்டிப் போட்டார். மணி அடித்தாற்போல் நீண்டு ஒலித்தது. 1944ஐப் போட்டார், ஒலி எழும்போதே அடங்கிவிட்டது. பிறகு இரண்டையும் உரைகல்லில் இழுத்தார். ஒரு கோடு நல்ல வெளுப்பு. இன்னொன்றில் லேசான செம்மை ஓடியிருந்தது.

"இது ஐம்பது டச்தான் சார். பாதிதான் வெள்ளி, மீதி செம்பும் மற்றதும். கொலுசுக்கு ஆகாது, கறுத்துப்போகும்" என்று 1944ஆம் ஆண்டுக் காசை ஒதுக்கிவைத்தார். பக்கத்தில் சலங்கை முத்துகளைப் பற்றவைத்துக்கொண்டிருந்த பையன் நிமிர்ந்து, "அப்போதே ஏமாற்றியிருக்கிறார்களா? யார்?" என்று கேட்டான்.

ஏமாற்றியது கள்ளக்காசு அடித்தவன் அல்லன், அரசாங்கம். 1940இல் ரூபாய்க் காசின் வெள்ளி அளவை 91.7 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாகக் குறைத்தார்கள். பழைய காசில் சுத்த வெள்ளி 10.69 கிராம், புதியதில் 5.83 கிராம். மீதி இடத்தைச் செம்பும் நிக்கலும் துத்தநாகமும் நிரப்பின. காசின் முகமதிப்பு மாறவில்லை. சந்தைக்குப் போன பெண்மணி கையில் இருந்தது அதே ஒரு ரூபாய்தான். உள்ளே இருந்தது பாதி.

கேள்வியும் அதன் எல்லையும்

நான் சேலத்தில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் கற்பிக்கிறேன். 2025 மே மாதம் பாகிஸ்தான் எல்லையில் நான்கு நாள் மோதல் நடந்து ஓய்ந்தது. ஜூனில் கல்லூரி திறந்தபோது வகுப்பில் எங்கு திரும்பினாலும் அதே பேச்சு. லேத் பட்டறை நடத்தும் குடும்பத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள்: "சார், தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, ஓசூர், கோவை, திருச்சியோடு நம் சேலமும் இருக்கிறது. இராணுவச் செலவு கூடினால் நமக்கு வேலை வரும். அப்படியென்றால் அது நாட்டுக்கும் நல்லதுதானே?"

நேர்மையான கேள்வி. ஒரு வரியில் பதில் சொல்லி அவளை உட்காரவைக்க மனம் வரவில்லை. பாடப்புத்தகத்தில் இதற்கு எடுத்துக்காட்டாக இருப்பது அமெரிக்கா. 1940இல் அங்கே வேலையின்மை 14 சதவீதத்துக்கு மேல், 1944இல் 1.2 சதவீதம். இதைப் படித்துவிட்டு, போர்ச் செலவு பொருளாதாரத்தைத் தூக்கி நிறுத்தும் என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்த நாட்டில் அன்றைக்கு ஆலைகள் அரை வேலையோடு கிடந்தன. எஃகும் எண்ணெயும் கோதுமையும் உள்நாட்டிலேயே தாராளம். ஆலைகள் மீது ஒரு குண்டுகூட விழவில்லை. ஆளும் பொருளும் சும்மா இருந்த இடத்தில் அரசு காசை இறக்கியது, சக்கரம் சுழன்றது. எதுவும் உபரியாக இல்லாத நாட்டில் அதே காசை இறக்கினால் என்ன நடக்கும்? அதைத் தேட அமெரிக்க ஆலை நகரமான டெட்ராய்ட் வரை போகவேண்டியதில்லை. செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஏற்காட்டின் இருபதாவது கொண்டை ஊசி வளைவு வரை போனால் போதும்.

இரண்டு காலங்களை எடுத்துக்கொண்டேன். 1939 முதல் 1945 வரை நடந்த உலகப் போர், 1962க்குப் பிறகு வந்த எட்டு ஆண்டுகள். போரின் நியாய அநியாயம் இந்த ஆய்வில் இல்லை. நாட்டின் எல்லையைக் காப்பது அவசியம் என்பதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது. அந்தச் செலவு யார் பையிலிருந்து எந்த வழியாகப் போனது என்பதை மட்டும் பார்க்கிறேன்.

அச்சடித்த ரூபாய், ஓட்டைக் காலணா

போருக்குப் பணம் வேண்டும் என்கிறோம். போர்க்களத்தில் பணத்தை உடுத்தவும் முடியாது, உண்ணவும் முடியாது. வேண்டியது துணி, தோல், அரிசி, இரும்பு, ரயில் வண்டி, ஆள். இவற்றை மக்களின் பயன்பாட்டிலிருந்து இராணுவத்தின் பயன்பாட்டுக்கு நகர்த்துவதுதான் போர்ச் செலவு. நகர்த்த மூன்று வழிகள் உண்டு. வரி போடலாம், கடன் வாங்கலாம், நோட்டு அடிக்கலாம். முதல் இரண்டில் எவ்வளவு போகிறது என்பது கொடுப்பவருக்குத் தெரியும். மூன்றாவதில் தெரியாது. பிரிட்டிஷ் ஆட்சி இந்தியாவில் பெரிதும் சாய்ந்தது மூன்றாவது வழியில்.

கணக்கு எப்படி ஓடியது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கவேண்டும். 1939 நவம்பரில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. இந்தியாவின் சொந்தப் பாதுகாப்புக்கு ஆகும் செலவு இந்தியாவைச் சேரும்; பேரரசுக்காக இங்கே வாங்கும் பொருளுக்கும் வெளிநாட்டுக் களங்களில் நிற்கும் படைக்கும் ஆகும் செலவைப் பிரிட்டன் ஏற்கும். ஏற்றதென்னவோ உண்மை. இங்கே வந்து எண்ணிக் கொடுக்கவில்லை. லண்டனில் இந்தியாவின் பெயரில் பவுனாக, அதாவது பிரிட்டிஷ் பவுண்டாக, வரவு வைத்தார்கள். அந்த வரவை ஈடாகக் காட்டி ரிசர்வ் வங்கி இங்கே நோட்டு அடித்தது. அந்த நோட்டைக் கொடுத்துச் சரக்கு வாங்கப்பட்டது. போர் தொடங்கியபோது சுமார் 180 கோடி ரூபாயாக இருந்த நோட்டுப் புழக்கம் போர் முடியும்போது 1,200 கோடியை நெருங்கியது. லண்டனில் சேர்ந்த தொகை சுமார் 130 கோடி பவுன்.

ஏட்டில் பார்த்தால் கடனாளியாக இருந்த இந்தியா கடன் கொடுத்த நாடாக உயர்ந்துவிட்டது. இதைப் பெருமையாகச் சொல்பவர்கள் இன்றும் உண்டு. எனக்கு அதில் பெருமைப்பட எதுவும் தெரியவில்லை. சரக்கு கப்பலேறிப் போனது, நோட்டு இங்கே நின்றது. மிச்சமிருந்த சரக்கைத் துரத்திய நோட்டுகளின் எண்ணிக்கை ஆறு மடங்குக்கு மேல் பெருகியது. மொத்த விலைகள் இரண்டரை மடங்கு ஆயின. அந்தச் சேமிப்பு யாருடையது? சாப்பிடாமல் இருந்தவனுடையது. அவனிடம் யாரும் கேட்டு வாங்கவில்லை.

சேலத்தின் அம்மாபேட்டை, குகை பகுதிகளின் தறிகளை நினைத்துப் பாருங்கள். நெசவாளி நூலுக்கு மில்லை நம்பியிருப்பவர். மில்களோ இராணுவத் துணிக்கு ஓடிக்கொண்டிருந்தன. நூல் விலை ஏற, 1943இல் பருத்தித் துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன்: கூலி ஒன்றரை மடங்கு உயர்ந்து அரிசி விலை இரண்டரை மடங்கு உயர்ந்தால், பத்துப் படி வாங்கியவர் ஆறு படிதான் வாங்க முடியும். அந்த நான்கு படிதான் அவர் போருக்குக் கட்டிய வரி. எந்தச் சட்டமன்றமும் அந்த வரியை விவாதித்து நிறைவேற்றவில்லை. வங்காளத்தில் இதே வரியை 1943இல் உயிராகக் கட்டினார்கள். பர்மா அரிசி நின்றுபோனது, படகுகள் பறிமுதல் செய்யப்பட்டன, பணவீக்கம் கிராமத்துக் கூலியாளின் கைக்கு எட்டாத உயரத்துக்கு அரிசியைத் தூக்கியது. இறந்தவர்கள் சுமார் 30 லட்சம்.

காசுக்கே உலோகம் போதவில்லை. 1940இல் பிரான்ஸ் வீழ்ந்ததும் மக்கள் நோட்டை நம்பாமல் வெள்ளிக் காசாக மாற்றி மண்ணில் புதைக்கத் தொடங்கினார்கள். அதன் பிறகுதான் ஒரு ரூபாய் நோட்டும் பாதி வெள்ளி ரூபாயும் வந்தன. பழைய வெள்ளி ரூபாய்கள் படிப்படியாகச் செல்லாதவையாக அறிவிக்கப்பட்டன. 1943இல் வந்தது ஓட்டைக் காலணா. செம்பு மிச்சமாக நடுவில் பெரிய ஓட்டை போட்டு அடித்த காசு அது. என் பாட்டி அவற்றில் நான்கைக் கயிற்றில் கோத்துச் சாவிக்கொத்தோடு தொங்கவிட்டிருந்தார். சிறுவயதில் அந்த ஓட்டை வழியாகக் கண்ணை வைத்துப் பார்த்து விளையாடியிருக்கிறேன். போருக்குப் போன செம்பின் அளவு அந்த ஓட்டை என்பது இந்த ஆய்வுக்காகப் படித்தபோதுதான் உறைத்தது. அமெரிக்காவிடம் கடனாக வாங்கிய வெள்ளியே 22 கோடி அவுன்சுக்கு மேல். அதைத் திருப்பிக் கொடுக்கவேண்டுமே என்றுதான் 1947இல் ரூபாயிலிருந்து வெள்ளி முழுவதையும் எடுத்துவிட்டு நிக்கல் காசு அடித்தார்கள். போர் முடிந்து இரண்டு ஆண்டு கழித்து வந்த பில் அது.

இன்னொரு சின்னச் செய்தி. ஏற்காடு சாலையில் இருந்த மாடர்ன் தியேட்டர்ஸ் அப்போது தென்னிந்தியாவின் பெரிய படப்பிடிப்பு நிலையங்களில் ஒன்று. படச்சுருள் கடல்தாண்டி வரவேண்டிய பொருள், கப்பலில் இடமில்லை. படத்தின் நீளம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று அரசு உத்தரவிட்டது. இருபதாயிரம் அடி ஓடிய தமிழ்ப் படங்கள் சுருங்கின, பாட்டுகளின் எண்ணிக்கை குறைந்தது. போர்ச் செலவு எந்த எந்தச் சந்தில் நுழைகிறது என்பதற்காக இதைச் சொன்னேன்.

ஜவ்வரிசி: போர் தந்த தொழிலா?

இந்த இடத்தில் மாணவர்கள் என்னை மடக்கினார்கள். "சேலத்து ஜவ்வரிசித் தொழிலே போரால்தானே வந்தது?" ஆமாம், அந்தக் காலக்கணக்கு சரி. ஜவ்வரிசி அதுவரை சிங்கப்பூர், மலேயா, ஜாவா பக்கத்திலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தது. ஜப்பான் அந்தப் பகுதிகளைப் பிடித்ததும் வரத்து நின்றது. சேலத்தில் மீன் வியாபாரம் செய்த மாணிக்கம் செட்டியார் வியாபார விஷயமாகக் கேரளம் போய்வந்தபோது பினாங்கிலிருந்து வந்த பொபட்லால் ஷா என்பவரைச் சந்தித்தார். ஜவ்வரிசி செய்யும் முறை ஷாவுக்குத் தெரியும். 1943இல் சேலத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். இன்று சேலம், நாமக்கல், தருமபுரி வட்டாரத்தில் குச்சிக்கிழங்கு பயிரிடும் ஒவ்வொரு குடும்பத்தின் வரவு செலவும் அந்தச் சந்திப்போடு தொடர்புடையது.

ஆத்தூர் சாலையில் போகும்போது சேகோ எனப்படும் ஜவ்வரிசி ஆலைகளின் களங்களைப் பார்க்கலாம். கிழங்கைத் தோல் சீவி, அரைத்து, பாலைத் தொட்டியில் தெளியவிட்டு, படிந்த மாவை உருட்டி மணியாக்கி, சூடான தட்டில் வாட்டி, வெயிலில் பரப்புவார்கள். காய்ந்த களத்தில் பெண்கள் காலால் வரி வரியாகக் கிளறிக்கொண்டே நடப்பார்கள். வெயில் ஏறினால் கண்ணைத் திறந்து அந்த வெண்மையைப் பார்க்க முடியாது. நல்ல தொழில். ஆயிரக்கணக்கான வீடுகளில் அடுப்பு எரியவைத்த தொழில்.

போருக்கு அந்தப் பெருமையைக் கொடுக்க நான் தயாராக இல்லை. காரணம் 1944இல் இருக்கிறது. அந்த ஆண்டு பஞ்சம். அரிசி கிடைக்காத ஏழைகள் கிழங்கை வேகவைத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். கிழங்கு ஜவ்வரிசியாகி வெளியே போனால் அந்தக் கவளமும் போய்விடும் என்று, சரக்கை மாவட்டத்துக்கு வெளியே கொண்டுபோகக் கலெக்டர் தடை போட்டார். உற்பத்தியாளர்கள் சங்கம் அமைத்து முறையிட்டுத்தான் தடையை நீக்கவேண்டியிருந்தது. கலெக்டரும் உற்பத்தியாளரும் இருவருமே தங்கள் நிலையில் சரிதான். ஒரே கிழங்கு தொழிலுக்கும் வேண்டும், பசிக்கும் வேண்டும், கிழங்கோ ஒன்றுதான். பொருளாதாரத்தில் மாற்றுவாய்ப்புச் செலவு என்று கரும்பலகையில் எழுதுகிறோமே, அது 1944இல் சேலத்துக்காரர்களுக்குச் சாப்பாட்டுத் தட்டில் தெரிந்தது.

போர் முடிந்ததும் வெளிநாட்டுச் சரக்கு மீண்டும் துறைமுகத்தில் வந்து இறங்கியது. இளம் தொழில் ஆட்டம் கண்டது. இறக்குமதியைக் கட்டுப்படுத்துங்கள் என்று அரசிடம் கேட்டுக் கேட்டுத்தான் நிமிர்ந்தது. விலைச் சுரண்டலிலிருந்து தப்ப 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. ஆக, போர் செய்தது கடல்வழியை அடைத்தது ஒன்றுதான். தொழிலைப் பிழைக்கவைத்தவை அதன் பிறகு நாற்பது ஆண்டுகள் நடந்த வேலைகள். போருக்குச் செலவான பணத்தில் ஒரு பங்கு பாசனத்துக்கும் ஆலைக்கும் போயிருந்தால் என்ன வந்திருக்கும் என்பதை யாரும் அளக்க முடியாது. வராத ஆலைக்கு முகவரி கிடையாது. போர்ச் செலவை ஆதரிப்பவர்கள் எப்போதும் கண்ணுக்குத் தெரியும் ஆலையைக் காட்டிவிடுகிறார்கள்.

ஏற்காட்டுக் காபி

காபிக்கு நேர் எதிர்க் கதை. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காபி 1820 வாக்கில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் வந்தது. நூறு ஆண்டுக்கு மேல் ஐரோப்பாதான் பெரிய சந்தை. போர் வந்ததும் அந்தக் கதவு அடைபட்டது. விளைந்த கொட்டையை வாங்க ஆளில்லை, விலை சரிந்தது. 1940இல் அவசரச் சட்டம், 1942இல் காபிச் சந்தை விரிவாக்கச் சட்டம். வீட்டுத் தேவைக்கும் விதைக்கும் எடுத்துவைத்தது போக, விளைந்த காபி முழுவதையும் காபி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் ஒப்படைக்கவேண்டும். தோட்டக்காரர் தானாக வெளியே விற்றால் குற்றம்.

அன்றைக்கு அது தோட்டங்களைக் காப்பாற்றியது என்பதை மறுக்கமாட்டேன். காபி குடிக்கும் பழக்கத்தை நாடெங்கும் கொண்டுபோன காபி ஹவுஸ்களும் அந்த முயற்சியில் பரவியவையே. சிக்கல் போர் முடிந்த பிறகு. 1945 வந்தது, 1947 வந்தது, 1950 வந்தது. தொகுப்பு முறை போகவில்லை. 1992இலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து 1996இல்தான் முழு விற்பனை உரிமை கிடைத்தது. போர்க்காலக் கட்டுப்பாடு ஒன்று அரை நூற்றாண்டு வாழ்ந்தது.

ஏற்காட்டில் பத்து ஏக்கர் வைத்திருக்கும் முதியவர் ஒருவர் எனக்கு அந்தக் காலத்தை விளக்கினார். தோட்டத்தில் சில்வர் ஓக் மரத்தடியில் நின்றுகொண்டிருந்தோம்; மரத்தில் மிளகுக் கொடி ஏறியிருந்தது. "கொட்டையைக் கொடுத்துவிட்டு வருவோம் தம்பி. முதல் தவணை வரும். மிச்சம் தவணை தவணையாக வரும். இந்த வருடத்துக் காபிக்குக் கடைசிக் காசு வரும்போது செடியில் அதற்கடுத்த காபி, அதற்கும் அடுத்த காபி பழுத்திருக்கும். உரத்துக்கு வட்டிக்கு வாங்குவோம்." பெரிய தோட்டக்காரருக்கு அந்த இடைவெளி தாங்கும். பத்து ஏக்கர்காரருக்கு அந்த வட்டிதான் கட்டுப்பாட்டின் விலை.

போர்ச் செலவின் கணக்கை வரவுசெலவுத் திட்டத்தின் ஓர் ஆண்டோடு முடித்துவிடுபவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். போர் ஓர் அரசுக்குச் சில அதிகாரங்களைக் கொடுக்கிறது. அவற்றைத் திரும்ப வாங்கும் தேதி பெரும்பாலும் சட்டத்தில் எழுதப்படுவதில்லை.

1962 முதல் 1970 வரை

இரண்டாவது காலம் நம்முடைய சொந்தக் குடியரசுடையது. ஆகவே குற்றம் சாட்ட அன்னியர் யாரும் இல்லை.

1962 அக்டோபர் 20 அன்று சீனாவுடன் போர் தொடங்கியது, ஒரு மாதத்தில் நின்றது. அக்டோபர் 26 அன்று அறிவித்த நெருக்கடிநிலை 1968 ஜனவரி வரை நீடித்தது. 1961-62இல் சுமார் 300 கோடியாக இருந்த பாதுகாப்புச் செலவு 1963-64இல் 800 கோடியைத் தாண்டியது. படை எட்டேகால் லட்சம் பேராக விரிந்தது. பத்து மலைப் படைப்பிரிவுகள் உருவாயின. அந்த விரிவாக்கம் தேவைப்பட்டது என்றே நினைக்கிறேன். அப்போதைய நிதி அமைச்சர் மொரார்ஜி தேசாய் அதற்கு நோட்டு அடிப்பதை மட்டும் நம்பாமல் வரியும் போட்டார்; மிகைலாப வரி, கட்டாயச் சேமிப்புத் திட்டம். பிரிட்டிஷ்காரர் செய்ததைவிட இது நேர்மையான வழி. வரி செலுத்துபவருக்குத் தான் செலுத்துவது தெரியும். தெரிந்ததால் எதிர்ப்பும் வந்தது. அவர் பதவி விலகிய பின் நிதி அமைச்சரான டி.டி. கிருஷ்ணமாச்சாரி கட்டாயச் சேமிப்பைச் சில மாதங்களிலேயே தளர்த்திவிட்டார்.

எளியவர் தலையில் நேரடியாக விழுந்தது தங்கக் கட்டுப்பாடு. ஆயுதம் வாங்க அன்னியச் செலாவணி வேண்டும். கடத்தல் தங்கம் செலாவணியைத் தின்கிறது. 1963 ஜனவரியில், 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக்கூடாது என்று விதி வந்தது. தேசப் பாதுகாப்பு நிதிக்கு நாடெங்கும் பெண்கள் வளையலைக் கழற்றிக் கொடுத்த அதே சில மாதங்களில், அந்த வளையலைச் செய்த பத்தரின் வேலை போனது. 22 காரட்டில் பழகிய கைக்கும் வாடிக்கையாளரின் கண்ணுக்கும் 14 காரட் பிடிக்கவில்லை. தாலிக்குப் பதினான்கு காரட்டா என்று கேட்டார்கள். பட்டறைகள் மூடின, தற்கொலைகள் நடந்தன. 14 காரட் வரம்பு 1966இல் போனது. தங்கக் கட்டுப்பாடோ 1968இல் தனிச் சட்டமாகி 1990 வரை இருந்தது. மறுபடியும் அதே கதை: சண்டை ஒரு மாதம், சட்டம் இருபத்தேழு ஆண்டு. செவ்வாய்ப்பேட்டைப் பெரியவரின் அண்ணன் பொன்வேலை பார்த்தவர். 1963க்குப் பிறகு அண்ணன் உலைக்கு முன்னால் உட்காரவேயில்லை, மளிகைக் கடையில் கணக்கெழுதப் போய்விட்டார் என்று பெரியவர் சொன்னார். வெள்ளியில் இருந்தவர்கள் தப்பினார்கள்.

1965இல் பாகிஸ்தானுடன் போர். அமெரிக்கா உதவியை நிறுத்தியது. அதே ஆண்டு மழை பொய்த்தது. அடுத்த ஆண்டும் பொய்த்தது. 1964-65இல் 8.9 கோடி டன்னாக இருந்த உணவு தானிய விளைச்சல் 1965-66இல் 7.2 கோடி டன்னாகச் சரிந்தது. 1966 ஜூன் 6 அன்று ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள், டாலருக்கு 4.76 என்றிருந்தது 7.50 ஆனது. 1966-67இல் மொத்த விலைகள் ஏறக்குறைய 14 சதவீதம் ஏறின.

இதில் எவ்வளவு போர், எவ்வளவு வறட்சி? இங்கே ஆய்வாளர் கைசுத்தமாக இருக்கவேண்டும். விளைச்சல் விழுந்ததற்கு வானம்தான் காரணம், பீரங்கி அல்ல. 1.7 கோடி டன் தானியம் குறைந்தால் எந்த நாட்டிலும் விலை ஏறும். ஆனால் வறட்சி வந்தபோது சாய்ந்துகொள்ள வேண்டிய சுவர்களைப் போர் ஏற்கெனவே இடித்துவிட்டிருந்தது. செலாவணி இருப்பு கரைந்திருந்தது. வரியை இன்னும் ஏற்ற இடமில்லை. உதவி செய்யும் நாடு நிபந்தனை போடும் இடத்தில் நின்றது. அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து நாடு வாழ்ந்தது. பிரதமராக இருந்த சாஸ்திரி வாரத்துக்கு ஒரு வேளை உணவை விடச் சொன்னார். தமிழ்நாட்டில் 1967 தேர்தலை முடிவுசெய்த முழக்கங்களில் ஒன்று ரூபாய்க்கு மூன்று படி அரிசி. இருபது ஆண்டு ஆண்ட கட்சி இங்கே வீழ்ந்ததில் மொழிப் போராட்டத்தின் பங்கு பெரியது. அரிசிப் பானையின் பங்கும் சிறியதல்ல.

சேலத்துக்கு வந்த பெரிய அடி இன்னொன்று. கஞ்சமலை இரும்புத் தாதுவை வைத்து இங்கே உருக்காலை வேண்டும் என்பது நெடுநாள் கோரிக்கை. மூன்றாவது ஐந்தாண்டுத் திட்டம் 1966இல் முடிந்தது. நான்காவது திட்டம் உடனே தொடங்கியிருக்கவேண்டும். கையில் பணமில்லை, செலாவணி இல்லை. மூன்று ஆண்டு 'திட்ட விடுமுறை' என்று பெயர் வைத்துத் தள்ளினார்கள். 1967 ஜூலை 23 அன்று அண்ணாவின் அரசு சேலம் உருக்காலைக்காகவும் சேதுசமுத்திரம், தூத்துக்குடித் துறைமுகத் திட்டங்களுக்காகவும் எழுச்சி நாள் கடைப்பிடித்தது. நான்காவது திட்டம் 1969இல் தொடங்கியது. 1970 ஏப்ரலில் இந்திரா காந்தி நாடாளுமன்றத்தில் ஆலையை அறிவித்து, செப்டம்பர் 16 அன்று அடிக்கல் நாட்டினார். உற்பத்தி தொடங்கியது 1982இல். அதுவும் கஞ்சமலைத் தாதுவை உருக்கும் ஆலையாக வரவில்லை. துருப்பிடிக்காத எஃகுத் தகடு உருட்டும் ஆலையாக வந்தது.

அடிக்கல்லுக்கும் உற்பத்திக்கும் இடையிலான பன்னிரண்டு ஆண்டுகளைப் போர்க்கணக்கில் எழுத நான் விரும்பவில்லை. நிர்வாகத்துக்கும் அரசியலுக்கும் எண்ணெய் விலைக்கும் அதில் பங்கு உண்டு. இடையில் 1971 போரும், ஒரு கோடி அகதிகளும், கடிதம் ஒவ்வொன்றிலும் ஒட்டிய ஐந்து பைசா அகதி நிவாரணத் தபால்தலையும் வந்தன என்பதைக் குறித்துக்கொள்கிறேன். திட்ட விடுமுறையின் மூன்று ஆண்டுகளில் ஒரு பங்கை மட்டும் 1962, 1965 போர்களின் பெயரில் எழுதுகிறேன். 1966இல் இருபது வயதாயிருந்த ஒரு சேலத்து இளைஞனுக்கு இரும்பாலை வாசல் திறந்தபோது முப்பத்தாறு வயது.

இப்போது

2025-26 வரவுசெலவுத் திட்டத்தில் பாதுகாப்புக்கு 6.81 லட்சம் கோடி ரூபாய். அதில் ஓய்வூதியம் மட்டும் சுமார் 1.6 லட்சம் கோடி. தளவாடம் உள்ளிட்ட மூலதனச் செலவு சுமார் 1.8 லட்சம் கோடி. நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறக்குறைய 2 சதவீதம். 1940களோடு இதை ஒப்பிடக்கூடாது. வீட்டுக்குப் பூட்டு வாங்கும் செலவும் வீடு தீப்பற்றி எரியும்போது ஆகும் செலவும் வேறு வேறு. இன்று எரிந்துகொண்டிருக்கும் நாடுகளைப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். உக்ரைன் 2024இல் தன் உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்கை இராணுவத்துக்குக் கொடுத்தது. ரஷ்யா 7 சதவீதத்தைத் தாண்டியது. வேலையின்மை மிகக் குறைவு என்ற பெருமையோடு, 2024 அக்டோபரில் அங்கே மைய வங்கி வட்டியை 21 சதவீதமாக உயர்த்தவேண்டியிருந்தது. அந்த வட்டியில் கடன் வாங்கிப் பட்டறை நடத்த யாரால் முடியும்?

மாணவியின் கேள்விக்கு நான் கொடுத்த பதில் மூன்று கேள்விகளாக இருந்தது. செலவாகும் ரூபாய் உள்நாட்டில் நிற்கிறதா? 2020 முதல் 2024 வரை உலகில் ஆயுத இறக்குமதியில் உக்ரைனுக்கு அடுத்தபடி இந்தியாதான். வெளியே போகும் ரூபாய்க்குச் சேலத்தில் வேலை இல்லை. அந்த அளவில் வழித்தடத் திட்டம் சரியான திசையில் போகிறது. அடுத்து, அந்த வேலைக்குக் கற்றுக்கொண்ட திறன் வேறு பொருளுக்கும் பயன்படுமா? துல்லியமாகக் கடைசல் பிடிக்கக் கற்ற கை நாளை மருத்துவக் கருவியும் செய்யலாம். மூன்றாவது, ஆர்டர் நின்றால் என்ன? நான் அவளை யோசிக்கச் சொன்னது இந்த மூன்றாவதைத்தான். போர்ப் பொருளுக்கு வாங்குபவர் ஒருவரே. அச்சம் கூடினால் ஆர்டர் கூடும், அச்சம் குறைந்தால் குறையும். அச்சம் குறையவேண்டும் என்று பிரார்த்திக்க முடியாத பிழைப்பு எந்த ஊருக்கும் வேண்டாம் என்பது என் நிலை. வகுப்பில் சிலர் இதை ஏற்கவில்லை. பயிர்க் காப்பீடும் அச்சத்தை நம்பிய தொழில்தானே என்று ஒருவன் கேட்டான். அவனோடு வாதம் இன்னும் முடியவில்லை.

அந்த மாணவி போன வாரம் தன் தந்தையின் பட்டறைக்கு அழைத்துப் போனாள். பம்ப் பாகங்கள் செய்கிறார்கள்; வாசல் முழுக்க இரும்புச் சுருள். பாதுகாப்புத் துறைக்குச் சரக்கு கொடுக்கும் ஒரு நிறுவனம் ஒரு பித்தளைப் பாகத்துக்கு விலை கேட்டிருக்கிறது. மாதிரிப் பாகம் மேசைமேல் இருந்தது, கட்டைவிரல் அளவுதான். அதை அந்தத் துல்லியத்தில் செய்யக் கணினி இயக்கும் புதிய சிஎன்சி இயந்திரம் வேண்டும், அதற்கு ஏழாண்டு வங்கிக் கடன் வேண்டும். ஆர்டரோ இரண்டு ஆண்டுக்கு.

"மீதி ஐந்து ஆண்டு அந்த இயந்திரம் எதைக் கடையும்?" என்று அவர் மகளைக் கேட்டார். அவள் நோட்டைப் பிரித்து, பம்ப் பாகத்துக்கு ஒரு பத்தி, பித்தளைப் பாகத்துக்கு ஒரு பத்தி என்று கோடு போட்டுக் கணக்கெழுதத் தொடங்கினாள்.